காண்ட்ராஸ்ட் செக்கரும் நானும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

வெப்சைட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் முதலில் நான் திறப்பது வெப்எய்ம் என்ற அமைப்பின் காண்ட்ராஸ்ட் செக்கரைத்தான். இலவசம், லாகின் தொல்லை கிடையாது. எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் கொடுத்தால், அவற்றுக்கு இடையே உள்ள வெளிச்ச வித்தியாசத்தை (காண்ட்ராஸ்ட்) ஒரு விகிதமாகச் சொல்லிவிடும். எல்லோராலும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி விதிகள்தான் டபிள்யூசிஏஜி. அதன் ஏஏ என்ற தகுதி நிலைக்குச் சாதாரண எழுத்து 4.5, பெரிய எழுத்து 3 தொட வேண்டும்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர். பிராண்ட் நிறம் தேறவில்லையா, அதே நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருமையாக்கிக்கொண்டே போகலாம். ஆனால் எல்லையிலேயே நிறுத்திவிடக் கூடாது. வெள்ளைமேல் #777777 (நிறக் குறியீடு) சாம்பல் 4.48, தேறாது. #767676 போட்டால் 4.54, தேறிவிடும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்! அதுவும் தமிழ் எழுத்துரு மெல்லிசாக இருந்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் கரைந்தே போகும். கோட்டின் தடிமன் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் கட்டுரைப் பகுதிக்கு நான் 7க்குக் குறைவாக வைப்பதில்லை.

ஆரஞ்சு பட்டனில் (சிவப்பு, பச்சை, நீலம் அளவுகள் 245, 124, 0) வெள்ளை எழுத்து கேட்பவர்கள் அதிகம். அது 2.7தான். கருப்பு எழுத்து என்றால் 7.8. இந்த இரண்டு எண்களைக் காட்டினாலே பேச்சு முடிந்துவிடும்.

சரி, இந்தக் கருவியை மட்டும் நம்பலாமா? கூடாது. டிக்கெட் பக்கம் ஒன்றில் ‘இடம் உண்டு’ என்பதற்குப் பச்சைப் புள்ளி (46, 125, 50), ‘நிரம்பிவிட்டது’ என்பதற்குச் சிவப்புப் புள்ளி (211, 47, 47) என்று வையுங்கள். வெள்ளைமேல் பச்சை 5.13, சிவப்பு 4.98. இரண்டும் பாஸ். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே விகிதம் 1.03தான், அதாவது வெளிச்சத்தில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. குரோம் பிரௌசரின் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் பகுதிக்குப் போய் டியூட்டரனோபியா (சிவப்பு-பச்சை நிறக்குருட்டில் ஒரு வகை) பார்வையைப் போட்டுப் பாருங்கள், இரண்டு புள்ளிகளும் பழுப்பாகத்தான் தெரியும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு எந்த இருக்கை காலி என்றே புரியாது. இப்படிப்பட்ட இடங்களில் நிறத்தோடு ஒரு சொல்லோ டிக் குறியோ கட்டாயம் சேர்க்கிறேன். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லாதே என்பது டபிள்யூசிஏஜி விதியும்கூட.

குறை என்றால், ஒரு நேரத்தில் ஒரு ஜோடியைத்தான் பார்க்க முடியும். ஐந்து நிறப் பேலட்டில் பத்து ஜோடி வரும். அப்புறம் எந்த எழுத்து எந்தப் பின்னணியில் வரலாம் என்று நானே அட்டவணை போட்டு டெவலப்பரிடம் கொடுத்துவிடுகிறேன்.