மக்களைத் தேடி மருத்துவம்: ஊரில் அம்மா அப்பா இருப்பவர்களுக்கு

சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறை வேலை எனக்கு. ஊர் அறந்தாங்கிப் பக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்க்கும் தம்பிகள், "ஓசி மாத்திரைண்ணே, நம்பிச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். நம்பலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின் என்று தனியாரிடம் காசு கொடுத்து வாங்கிய அதே மருந்துகள்தான்.

முன்பெல்லாம் அம்மா டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். போகிற அன்று நூறு நாள் வேலைக் கூலி போய்விடும். 2024-25இல் அது ஒரு நாளைக்கு 319 ரூபாய். பஸ், ஃபீஸ், மருந்து எல்லாம் அதற்கு மேல். நான் அனுப்பும் பணத்தில் இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடனுக்குத்தான் முதல் பங்கு. லீவில் போனபோது பவுடர் டப்பாவுக்குள் பார்த்தேன்: பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள், காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தார். "ஒண்ண ரெண்டாக்குனா ரெண்டு மாசம் ஓடும்ல தம்பி" என்றார். டாக்டரோ சர்க்கரை குறையவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே இருந்தார். மாத்திரையை முழுசாகப் போடுகிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை.

இங்கே முஸ்தபா கடையில் சுகர் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதில் செருகும் ஸ்ட்ரிப் தீர்ந்ததும் மீட்டர் பரண் மேல் ஏறிவிட்டது.

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. எங்கள் வீட்டுக்கு வருபவர் மகளிர் குழுவில் இருக்கும் பக்கத்துத் தெரு அக்கா. திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், போன தடவை கொடுத்ததில் எவ்வளவு மிச்சம் என்று அட்டையை வாங்கி எண்ணுவார். அம்மா யாருக்கும் சொல்லாத கால் மரமரப்பை அந்த அக்காவிடம் சொன்னார். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டால் புண் வந்தாலும் வலி தெரியாது. இப்போது தினமும் பாதத்தைப் பார்க்கிறார். இதற்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

ஆனால் மாத்திரையால் மாறாத விஷயம் ஒன்று இருக்கிறது. ரேஷனில் மாதாமாதம் அரிசி இலவசம். காய்கறிக்குக் காசு வேண்டும். அதனால் மூன்று வேளையும் தட்டில் சோறுதான் மலையாக இருக்கும், காய் ஓரத்தில் கொஞ்சம். சர்க்கரையைப் பணக்கார வியாதி என்பார்கள். ஆனால் இந்தியாவின் வசதியான மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் அது அதிகம் என்று 2017இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. எங்கள் ஊர் கிராமம்தான், ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இப்போது அனுப்பும் பணத்தில் காய்க்கென்று ஒரு தொகையைத் தனியாகச் சொல்லியே அனுப்புகிறேன், அது கடனுக்குப் போகக்கூடாது என்று.

சரி, உங்கள் வீட்டில் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், இல்லையென்றால் ஊருக்கு வரும் நர்ஸம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போகட்டும். அப்புறம், போனில் பேசும்போது "மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் கேட்காமல், முழுசாகப் போட்டார்களா என்றும் கேளுங்கள்.