முகத்தில் ‘710 மரைன்’, உள்ளே கமர்ஷியல் பிளை: மர வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சமையலறைக்கும் அலமாரிக்கும் மர வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இன்டீரியர் வேலை செய்த ஒப்பந்தக்காரர், ஐஎஸ் 710 (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) மரைன் பிளைவுட் என்று எழுதிக் கொடுத்து, அதற்கான காசையும் வாங்கிக்கொண்டு, சாதாரண கமர்ஷியல் பிளையைப் போட்டு மைக்கா (லேமினேட்) ஒட்டி மூடிவிட்டார். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பதால் அவர் பெயரையோ கடையின் பெயரையோ போடவில்லை. இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். இதே வித்தையைச் செய்கிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார், அதனால் வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொட்டேஷனில் இருந்த வாசகம் இது: “18 எம்எம் 710 கிரேடு மரைன் பிளை, உள்ளும் புறமும் லேமினேட்.” ஷீட்டுகள் வண்டியிலிருந்து இறங்கியபோது நானும் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றின் முகத்திலும் கொட்டை எழுத்தில் 710, பக்கத்தில் ஒரு கப்பல் படம், கீழே ஐஎஸ்ஓ 9001:2015, அதற்கும் கீழே ‘லைஃப்டைம் வாரண்டி’. பலகையும் நல்ல செங்காவி நிறம். சரியான சரக்குதான் என்று வந்து பார்த்த உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைப்பதற்காகவே அடித்த முத்திரை அது.

ஐப்பசி மழை தொடங்கியதும் சிங்குக்குக் கீழே இருந்த அலமாரியின் அடித்தட்டு உப்ப ஆரம்பித்தது. கழிவுக் குழாய் இறங்கும் துளையைச் சுற்றி மைக்கா தூக்கிக்கொண்டு நின்றது, விரலால் அழுத்தினால் பலகை அமுங்கியது. அதே சமயத்தில் படுக்கையறை அலமாரியில் மடித்து வைத்திருந்த வேட்டி, சேலை மேலெல்லாம் நைஸான வெளிர் மஞ்சள் பொடி. துடைத்தால் இரண்டு நாளில் மறுபடியும் அதே இடத்தில் சின்னக் குவியல்.

போன் போட்டேன். “தண்ணி பட்டா எந்தப் பலகையும் ஊறத்தான் அண்ணாச்சி செய்யும். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைப் பாருங்க” என்றார் ஒப்பந்தக்காரர். பொடியைப் பற்றிக் கேட்டதற்கு, அறுத்தபோது உள்ளே தங்கிய ரம்பத்தூளாக இருக்கும் என்று பதில். வேலை முடிந்து எவ்வளவோ நாள் கழித்து, துடைக்கத் துடைக்க வருகிற ரம்பத்தூள்!

எங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். உப்பின தட்டைக் கழற்றி வெளியே வெயிலில் வைத்து, மைக்காவை உளியால் பெயர்த்தார். அறுத்த விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுக் காட்டினார். அடுக்குகளுக்கு நடுவே பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். ஓர் இடத்தில் நடு அடுக்கு பாதியோடு நின்றுவிட்டது, மீதி வெறும் இடைவெளி. இன்னோர் இடத்தில் இரண்டு துண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. வெர்னியர் காலிபர் வைத்துத் தடிமனை அளந்தால், மைக்கா இல்லாமல் 16.2 எம்எம். “இது வெறும் கமர்ஷியல்லா தம்பி. 710-னு யாரு சொன்னா?” என்று கேட்டார். முத்திரையைக் காட்டினேன். சிரித்தார். “ரப்பர் ஸ்டாம்பு எவ்வளவு தம்பி ஆகும்?”

பொடிக்கும் அவரே காரணம் சொன்னார். பின் முனை அளவுக்கு வட்டமான துளைகள் அலமாரியின் உள்பக்கம் ஏழெட்டு இருந்தன. அது கரையான் இல்லை, ஒரு வகைத் துளைவண்டு. மாவுச்சத்து உள்ள மரத்தைத்தான் தேடிப் போகும். ரப்பர் மரம் அதற்கு விருந்து. ரப்பர் மரத்தைக் குறை சொல்லவில்லை. போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் முறையாக ஊறவைத்துப் பயன்படுத்தினால் வண்டு அண்டாது. அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், புழு உள்ளேயே இருந்து தின்று, வண்டாகி வெளியே வரும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதற்குள் பணம் பட்டுவாடா ஆகியிருக்கும்.

இதற்கு அப்புறம்தான் பிளைவுட் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது, எந்தெந்த இடத்தில் ஏமாற்ற முடியும் என்பதும் கூடவே தெரிந்தது.

மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைத்தோ வேகவைத்தோ பதப்படுத்தி, லேத்தில் சுழலவிட்டு, பென்சில் சீவுகிற மாதிரி ஒரே நீளத் தாளாகச் சீவுவார்கள். அந்தத் தாள்தான் வெனீர். அதை உலர்த்தி, அளவாக வெட்டி, பசை தடவி, ஒரு தாளின் ரேகை நீளவாக்கில் இருந்தால் அடுத்ததின் ரேகை குறுக்குவாக்கில் வருமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குவார்கள். ரேகை மாறி மாறி வருவதால்தான் பிளைவுட் பலகை மரத்தைப் போல வெடிக்காது, வளையாது. பிறகு சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, ஓரம் வெட்டி, மேற்பரப்பைத் தேய்த்து, முத்திரை குத்தினால் 8-க்கு 4 அடி ஷீட் ரெடி.

நல்ல ஆலையில் நடு அடுக்குத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேரும்படி தைத்தோ ஒட்டியோ வைப்பார்கள். மட்டமான ஆலையில் கைக்கு வந்த துண்டைப் பரப்பிவிட்டுப் போவார்கள். எங்கள் தட்டில் இருந்த ஓட்டை அப்படி வந்ததுதான். அந்த ஓட்டையில் திருகாணி போனால் கீல் பிடிக்காது, தண்ணீர் போனால் நேரே உள்ளே ஓடும்.

விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி பசையில் இருக்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை மலிவு. அதில் மைதாவைக் கலந்து இன்னும் மலிவாக்குவதும் உண்டு. கமர்ஷியல் என்று கடையில் சொல்லும் எம்ஆர் (ஈரம் தாங்கும்) கிரேடு இந்தப் பசையால் ஆனது. ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை விலை கூட. கொதிநீரில் போட்டாலும் விடாது. பொது உபயோகப் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303 தரத்தில் எம்ஆர், பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) என்று இரண்டு கிரேடு வரும். மரைன் பிளைக்குத் தனித் தரம், அதுதான் ஐஎஸ் 710. அதன் மாதிரித் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் ஒட்டு விடக்கூடாது.

ஃபீனால் பசை செம்பழுப்புக் கோடாக விளிம்பில் தெரியும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நம்பாதீர்கள். யூரியா பசையில் சாயம் கலந்தால் அந்தக் கோடும் வந்துவிடும். மேல்தாளின் செங்காவியும் அப்படித்தான். முன்பு மியான்மரிலிருந்து வந்த குர்ஜன் மரத்தின் இயல்பான நிறம் அது. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்காவின் ஒக்கூமே போன்ற வேறு மரங்களின் தாளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கழற்றிய தட்டில் கைப்பிடி அளவுத் துண்டு ஒன்றை அறுத்து, பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். 72 மணி நேரமெல்லாம் தேவைப்படவில்லை. காலையில் ஏற்றினது, மதியச் சோறு வடிப்பதற்குள் அடுக்கு அடுக்காகக் கழன்று தனித்தனியாக மிதந்தது. தண்ணீரில் வெள்ளைக் கலங்கல், கூடவே கண்ணைக் கரிக்கிற நெடி. இதைச் செய்வதென்றால் வீட்டுக்குள் செய்யாதீர்கள், கொல்லையில் விறகடுப்பில் செய்யுங்கள். அந்த வீடியோவை ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன். “பலகையை யாராவது அவிப்பாங்களா அண்ணாச்சி?” என்று பதில் வந்தது.

ஒரு விஷயத்தில் அவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. உண்மையான 710 ஆனாலும் விளிம்பை அடைக்காமல் விட்டால் மரம் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். ஆனால் ஊறின மரம் காய்ந்துவிடும், விட்ட ஒட்டு திரும்பச் சேராது. குழாய்த் துளையின் விளிம்பை எங்கள் வீட்டில் சிலிக்கான்கூடப் போடாமல் விட்டிருந்தார்கள் என்பது தனிக் கதை.

அடுத்து, ஒப்பந்தக்காரர் பலகை வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. “அவர் எடுத்தது கமர்ஷியல்தான் சார். பில்லும் அப்படித்தான் போட்டிருக்கோம்.” பிறகு 710 என்று முத்திரை எப்படி என்று கேட்டால், “அது அந்த பிராண்டோட மாடல் நம்பர் சார்” என்கிறார்! ஐஎஸ் என்ற இரண்டு எழுத்து முன்னால் இல்லாததால் அவரைப் பொறுத்தவரை அது வெறும் எண். அந்தப் பில் விலைக்கும் எங்கள் கொட்டேஷன் விலைக்கும் சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம். ஒரு ஷீட் 32 சதுர அடி. எங்கள் வீட்டுக்கு இறங்கியது 30 ஷீட். கணக்குப் போட்டால் 38,400 ரூபாய், கடையில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் தனி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு ஒப்பந்தக்காரர் வந்து, சிங்க் அலமாரியை மட்டும் மாற்றித் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். அலமாரியில் வண்டு தின்றுகொண்டிருக்கும்போது அதற்கு எப்படிச் சம்மதிப்பது? மாவட்ட ஆணையத்தில் மனு போட்டாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கெட்டுப்போன பலகையைக் கோபத்தில் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். பலகை இல்லாவிட்டால் வழக்கில் உயிரே இல்லை.

இனி வேலை கொடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது. கொட்டேஷனில் ‘710 கிரேடு’, ‘மரைன் டைப்’ என்றெல்லாம் எழுத விடாதீர்கள். ‘ஐஎஸ் 710, ஐஎஸ்ஐ முத்திரையுடன்’ என்று எழுதச் சொல்லி, பிராண்டின் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஷீட் இறங்கியதும் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். முத்திரையின் மேலே தர எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் ஆலையின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா எல்லாம் வந்துவிடும். வருகிற பெயரும் ஷீட்டில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 9001 என்பது ஆலை நிர்வாகத்துக்குத் தருகிற சான்று. பலகையின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐஎஸ்ஐ என்று கண்ணில் படட்டும் என்றே அதைப் பெரிதாக அடிக்கிறார்கள்.

காலிபர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 18 எம்எம் ஷீட்டில் 5 சதவீதம் வரைதான் முன்பின் இருக்கலாம், அதாவது 17.1-க்குக் கீழே போகக்கூடாது. எடையை மட்டும் நம்ப வேண்டாம். பாப்ளர் மரத்தில் செய்தது தூக்கும்போதே லேசாகத் தெரிந்துவிடும், ஆனால் ரப்பர் மரம் நல்ல கனம். ஷீட்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, சுத்தியல் பிடியால் பரப்பெங்கும் தட்டிப் பார்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். முக்கியமாக, முதல் ஷீட்டை அறுத்ததும் விளிம்பைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். மைக்கா ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் வேலையை நிறுத்திப் பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான ஆசாரி இதற்கு முகம் சுளிக்கமாட்டார். பில் உங்கள் பெயரில் வர வேண்டும், பணமும் கடைக்கு நேராகப் போக வேண்டும், ஒப்பந்தக்காரருக்குக் கூலி மட்டும்.

எல்லா இடத்துக்கும் 710 வேண்டும் என்று பயந்துவிடவும் வேண்டாம். சிங்க், குளியலறை அலமாரிக்கு அது தேவை. துணி அலமாரிக்கு, கட்டிலுக்கு பிடபிள்யூஆர் தாராளம். தண்ணீரே எட்டாத டிவி யூனிட்டுக்கு, பரணுக்கு நல்ல ஆலையின் எம்ஆர் போதும். ஏழடி உயரக் கதவென்றால் வளையாமல் இருக்க பிளாக் போர்டு (நடுவில் மரச்சட்டங்களை அடுக்கிச் செய்த பலகை) நல்லது என்று எங்கள் ஆசாரி சொல்கிறார், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பரணுக்கும் மரைன்தான் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறவர் பில்லை ஏற்றப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது, சந்தேகமாக இருக்கிறது என்பவர்களுக்கு: மைக்காவைப் பெயர்க்க வேண்டாம். சிங்குக்குக் கீழே குழாய் இறங்கும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் பலகையின் விளிம்பு அப்படியே திறந்து கிடக்கும். கதவுப் பலகைக்கு, ஒரு கீலின் இரண்டு திருகாணியைக் கழற்றுங்கள். கீலின் கிண்ணம் உட்காரும் 35 எம்எம் குழியின் சுவரில் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். போட்டோ எடுத்துவிட்டு, அதே திருகாணியைத் திரும்பப் போட்டுவிடலாம்.