இணையம் எட்டாத சுவிட்சுகளுக்கு ஓர் உரிம சர்வர்: சிஸ்கோ எஸ்எஸ்எம் ஆன்-பிரெம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் நான் பணிபுரியும் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில், வலையமைப்பில் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 26 சுவிட்சுகள் இருக்கின்றன. இயந்திரங்களை இயக்கும் வலையமைப்பு என்பதால் அவற்றில் ஒன்றுக்கும் இணைய இணைப்பு தருவதில்லை என்று நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆனால் அவை சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 9200, 9300 வகையைச் சேர்ந்தவை. எந்த லைசென்ஸ் (மென்பொருள் உரிமம்) எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்பதைச் சிஸ்கோவின் தளத்தில் உள்ள எங்கள் உரிமக் கணக்கான ஸ்மார்ட் அக்கவுண்டுக்கு அவ்வப்போது தெரிவித்தாக வேண்டும்.

முதலில் கையாலேயே செய்துபார்த்தோம். ஒவ்வொரு சுவிட்சிலும் நுழைந்து, பயன்பாட்டு அறிக்கையைக் கோப்பாகச் சேமித்து, அதைச் சிஸ்கோவின் தளத்தில் ஏற்றி, அது தரும் ஒப்புதல் கோப்பைக் கொண்டுவந்து மீண்டும் அதே சுவிட்சில் ஏற்ற வேண்டும். நான்கைந்து சுவிட்சுகள் உள்ளவர்களுக்கு இதுவே போதும். அவர்கள் இந்த விமர்சனத்தை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. இருபத்தாறுக்கு இரண்டு நாள் பிடித்தது, ஒரு கோப்பு இடம் மாறியும் போனது.

அதன் பிறகே, உரிமக் கணக்கை நம் வளாகத்துக்குள்ளேயே நிர்வகிக்கும் சிஸ்கோவின் எஸ்எஸ்எம் (ஸ்மார்ட் சாஃப்ட்வேர் மேனேஜர்) ஆன்-பிரெம் சர்வரை நிறுவினோம். பழைய ஆட்கள் இதை ‘சாட்டிலைட்’ என்றே இன்னும் சொல்வார்கள். மென்பொருளுக்குத் தனியாகக் காசு இல்லை; ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டின் முழு நகலாக) கிடைப்பதை ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினியில், நிறுவிக்கொள்ளலாம். ஆனால் 4 சிபியு, 8 ஜிபி நினைவகம், 200 ஜிபி வட்டு என்று அது கேட்பது, செய்யும் வேலைக்குச் சற்று அதிகம்தான். சுவிட்சுகள் தங்கள் அறிக்கைகளை இந்த சர்வருக்கே அனுப்பிவிடுவதால், வெளியே போக வேண்டியது ஒரே ஒரு கோப்புதான். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆற்காடு, மேல்விஷாரம் வழியாக வேலூர் அலுவலகத்துக்குப் போய், அங்குள்ள இணையக் கணினியில் ஏற்றி, பதில் கோப்பை வாங்கிவந்து சர்வரில் சேர்த்தால் எல்லாச் சுவிட்சுகளின் கணக்கும் நேராகிவிடும். (வழியில் மக்கன் பேடா வாங்குவது என் சொந்தச் செலவு.)

நிறுவும்போது பட்ட பாடு என் அவசரத்தால் வந்தது. சர்வருக்கு முதலில் எண்களால் ஆன ஐபி முகவரியையே பெயராகக் கொடுத்துவிட்டு, பிறகு எழுத்தால் ஆன டிஎன்எஸ் பெயருக்கு மாற்றினேன். பெயரை மாற்றினால், மீண்டும் ஒருமுறை சிஸ்கோவின் கணக்கோடு சிங்க் செய்தால்தான் (கோப்புப் பரிமாறி ஒத்திசைத்தால்தான்) சர்வரை அடையாளம் காட்டும் புதிய சான்றிதழ் கிடைக்கும் என்பதைக் கவனிக்கவில்லை. சுவிட்சில் எழுதிய பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாததால் ஒரு மாலை முழுதும் எல்லாச் சுவிட்சுகளும் தொடர்புப் பிழையையே காட்டிக்கொண்டிருந்தன. கடிகாரமும் அப்படித்தான்: இணையம் இல்லாத இடத்தில் நேரம் தானாகச் சரியாகாது. மின்வெட்டுக்குப் பிறகு சர்வரின் நேரம் பின்தங்கியிருந்ததைக் கண்ட நாளிலிருந்து, உள்ளேயே மையத்தில் உள்ள ஒரு கோர் சுவிட்சை என்டிபி (வலையமைப்பில் நேரத்தை ஒத்திசைக்கும் முறை) நேர ஆதாரமாக வைத்து, சர்வரையும் மற்றச் சுவிட்சுகளையும் அதன் நேரத்தைப் பின்பற்றச் செய்துவிட்டேன்.

சுவிட்சை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் பதிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 17.3.2 பதிப்பில், டோக்கன் என்ற குறியீட்டைக் கொடுத்துச் சுவிட்சைப் பதிவுசெய்யும் முறை போய், பயன்பாட்டை அறிக்கையாகத் தரும் முறை வந்தது. ஆன்-பிரெம் சர்வர் அந்த முறைக்கு ஒத்துழைப்பது 17.3.3 முதல்தான். இடையில் நிற்கும் சுவிட்சின் பதிப்பை உயர்த்திவிட்டுத் தொடங்குவதே நல்லது. பழைய முறையில் 90 நாள் தொடர்பே இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகும். புதிய முறையில் எங்கள் வகைச் சுவிட்சுகள் அறிக்கை தாமதமானாலும் நின்றுவிடுவதில்லை, லாகில் (சுவிட்சின் நிகழ்வுப் பதிவில்) நினைவூட்டல் மட்டும் விழும். உற்பத்தி நிற்குமோ என்று அஞ்சியிருந்த மேலாளருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

சர்வரால் தீர்க்க முடியாத சங்கடமும் ஒன்று இருந்தது. சுவிட்சுகளை எங்களுக்கு விற்றவர் உரிமங்களை எங்கள் ஸ்மார்ட் அக்கவுண்டுக்கு மாற்றாமல் தம் பக்கமே வைத்திருந்தார். சர்வர் காட்டிய பற்றாக்குறையைப் பார்த்துத்தான் அது தெரியவந்தது. மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிய பிறகே மாற்றினார். ஆகவே வாங்கும்போதே, பணம் செலுத்துவதற்கு முன், உரிமங்கள் உங்கள் கணக்கில் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.