ஒரே வளாகம், மூன்று வழிகள்: அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பி.எஸ்., எம்.எஸ்., பிஎச்.டி.

"பையனுக்கு ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், வாழ்த்திவிட்டு அடுத்துக் கேட்க வேண்டியது "எந்தப் படிப்புக்கு?" என்பதுதான். நம் ஊரில் பி.எஸ். (இளநிலை), எம்.எஸ். (முதுநிலை), பிஎச்.டி. (ஆய்வுப் பட்டம்) மூன்றையும் 'அமெரிக்காவில் படிப்பு' என்று ஒன்றாகப் போட்டுப் பேசிவிடுகிறோம். பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் யார் பணம் கட்டுகிறார்கள், எத்தனை பேரை எடுக்கிறார்கள், உள்ளே போனபின் யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் எதுவுமே ஒத்துப்போகாது. நுழையக் கடினமான இரண்டு வழிகளில் குடும்பத்துக்குச் செலவு குறைவு. ஓரளவு எளிதாக நுழையக்கூடிய வழியில்தான் சொத்து கரைகிறது. இது தெரியாமல் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராகப் போகும் இளநிலைப் படிப்பு. ஹார்வர்டில் 2025-26ஆம் ஆண்டுக்குக் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 87 ஆயிரம் டாலர். நான்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய். இந்த எண்ணைப் பார்த்ததுமே பெரும்பாலானவர்கள் ஆசையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது எல்லோரும் கட்டும் தொகை அல்ல. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நீண்ட காலமாகவே வெளிநாட்டு மாணவர்களைக்கூடக் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன. எடுத்தபிறகு, குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் அவையே ஏற்றுக்கொள்கின்றன. 2022ல் டார்ட்மத்தும் போடனும் இதில் சேர்ந்தன. 2025ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து பிரவுனும் வந்துவிட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் எதுவும் கட்ட வேண்டாம், 2 லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்டும் எம்ஐடியும் அறிவித்திருக்கின்றன. சொத்தையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நம் ஊர் ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர் வீடுகளில் எத்தனை இந்த வரம்பைத் தாண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இடம் கிடைக்குமா? அதுதான் சிக்கல். 2024ல் ஹார்வர்டுக்கு 54 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். 2 ஆயிரத்துக்கும் குறைவானவர்களுக்கே அழைப்பு போனது. எம்ஐடியில் முதலாண்டு வகுப்பே 1,100 பேர் அளவுதான். அதில் வெளிநாட்டவர் பத்தில் ஒரு பங்கு. உலகம் முழுவதற்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் இடங்கள். கணித ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கிய பிள்ளைக்கும் 'மன்னிக்கவும்' என்று கடிதம் வரும். பிளஸ் டூவில் 598 வாங்கியது மட்டும் அங்கே பெரிதாக எடுபடாது. 9ஆம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கேட்பார்கள், கட்டுரைகள் கேட்பார்கள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். பள்ளி ஆலோசகரிடமிருந்து ஓர் அறிக்கையும் வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் அப்படி ஒரு பதவியே கிடையாது. தலைமை ஆசிரியர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். எஸ்ஏடி என்ற பொது நுழைவுத் தேர்வை எம்ஐடி 2022லும், ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன் ஆகியவை 2024லும் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன.

உதவித்தொகைக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று ஒரு படிவம் உண்டு. ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் அதை நிரப்புவது எப்படி இருக்கும் என்று பாருங்கள். அப்பாவின் கடை வருமானம் தனி, கடையின் சொத்தும் கடனும் தனி, வீட்டின் சந்தை மதிப்பு தனி, தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தில் பங்கு உண்டா இல்லையா, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். வருமான வரித் தாக்கல் நகல், வங்கி அறிக்கை எல்லாம் சேர்க்க வேண்டும். கணக்கில் வராத வருமானமுள்ள வீடுகள் இங்கேதான் திணறும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விளக்கம் தேவைப்பட்டால் தனியாக ஒரு கடிதம் இணைக்கலாம். உதவி அலுவலகத்தில் இருப்பவர்கள் உலகமெங்குமிருந்து வரும் இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பெரிய பெயர்களும் இப்படி இல்லை. வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதை ஸ்டான்ஃபோர்டு சேர்க்கை முடிவிலேயே கணக்கில் எடுக்கும். வாய்ப்பு குறைந்துவிடும் என்று பயந்து முதலில் உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டு, சேர்ந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி, யுசிஎல்ஏ போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களோ வெளிநாட்டு இளநிலை மாணவருக்குக் குடும்ப வருமானத்தை வைத்து உதவி தருவதே இல்லை. மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் கூடுதல் கட்டணமாக மட்டுமே ஆண்டுக்கு 37 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அரசுக் கல்லூரி என்றால் மலிவு என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. தரவரிசையில் பெர்க்லியின் பெயரை நம்மில் பலரும் கேட்டிருப்போம், ஆம்ஹர்ஸ்டின் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் 2 ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களை வைத்துக்கொண்டு, பேராசிரியர்களே நேரடியாகப் பாடம் நடத்தும் ஆம்ஹர்ஸ்டையும் போடனையும்தான் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வேன்.

அடுத்தது எம்.எஸ். நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவது இதற்குத்தான். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 15 ஆண்டுகளில் முதல்முறையாகச் சீனாவைத் தாண்டினோம் என்று அப்போது இங்கே தலைப்புச் செய்தி வந்தது. அதில் இளநிலை படித்தவர்கள் 36 ஆயிரம் பேர்தான். பட்டமேற்படிப்பில் 1,96,567 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சொந்தப் பணத்தில் அல்லது கடனில் எம்.எஸ். படிப்பவர்கள்.

எம்.எஸ்.ஸின் பணக் கணக்கு நேர்மாறானது. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைப் படிப்பு முக்கியமான வருமானம். அதனால்தான் இளநிலையில் மாணவரைச் சலித்துச் சலித்து எடுக்கும் அதே நிறுவனம், தொழில்சார்ந்த முதுநிலைப் படிப்புகளில் பெரிய பெரிய வகுப்புகளைச் சேர்க்கிறது. கொலம்பியாவின் பொறியியல் எம்.எஸ். என்பது 30 கிரெடிட். மூன்று செமஸ்டரில் முடித்துவிடலாம். கல்விக் கட்டணம் மட்டுமே 70 ஆயிரம் டாலரைத் தாண்டும். நியூயார்க் வாடகை, சாப்பாடு, காப்பீடு சேர்த்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்விடும். விடுதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நாலு பேர் சேர்ந்து ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்சி சிட்டியில் வீடு பிடிப்பார்கள். "போனதும் டி.ஏ. (பாடம் நடத்த உதவுபவர்) வேலை கிடைத்துவிடும், கட்டணம் குறைந்துவிடும்" என்று ஏஜெண்டுகள் சொல்வதை நம்பாதீர்கள். அந்த வேலைகள் முதலில் பிஎச்.டி. மாணவர்களுக்குத்தான் போகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டுமே வேலை பார்க்கலாம். நூலகத்தில் உட்கார்ந்து வரும் பணம் மளிகைக்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டில் எம்.எஸ். படித்தவர்தானே என்று சிலர் கேட்பார்கள். அவர் 1993ல் உதவித்தொகையோடு போனவர். அவரை உதாரணம் காட்டி 60 லட்சம் கடன் வாங்குவது பொருந்தாது. அந்த 60 லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 82,600 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. டாலரில் சம்பளம் வந்தால் இது சமாளிக்கக்கூடிய தொகை. நல்ல வேலை கிடைத்தவர்கள் மூன்று நான்கு வருடத்தில் அடைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால் சென்னையிலோ பெங்களூரிலோ வாங்கும் சம்பளத்தில் முக்கால்வாசி இதற்கே போய்விடும். அதனால் எம்.எஸ். விஷயத்தில் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தியச் சம்பளத்தில் வீட்டை விற்காமல் இந்தக் கடனைக் கட்ட முடியுமா? முடியாது என்றால் ஹார்வர்டாக இருந்தாலும் வேண்டாம். ஜார்ஜியா டெக், இலினாய், பர்டூ போன்ற இடங்களில் பாடத்தின் தரம் குறையாது, செலவு கணிசமாகக் குறையும்.

இதனால் எம்.எஸ். வீண் என்று சொல்லவில்லை. நாலைந்து வருடம் வேலை பார்த்து, கையில் சேமிப்போடு, என்ன கற்கப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்து போகிறவர்களுக்கு அது நல்ல முதலீடு. குறுகிய காலத்தில் முடிந்துவிடும் என்பதும் ஒரு வசதி.

மூன்றாவது பிஎச்.டி. நம் வீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். என் பார்வையில் நடுத்தரக் குடும்பத்துக்கு மிகவும் பொருத்தமானதும் இதுதான். எம்.எஸ். முடித்தால்தான் பிஎச்.டி. என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பி.இ., பி.டெக். முடித்ததும் நேராகவே விண்ணப்பிக்கலாம். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராகப் பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கட்டணம் கிடையாது, மருத்துவக் காப்பீடு அவர்களே தருவார்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 45 முதல் 55 ஆயிரம் டாலர் வரை ஸ்டைபெண்டும் உண்டு. பாஸ்டனிலோ பாலோ ஆல்டோவிலோ அந்தப் பணத்தில் வசதியாக வாழ முடியாது. ஆனால் வீட்டுக்குக் கடன் வைக்காமல் வாழ முடியும். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவின்படி, மற்ற நாட்டு எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்காத நிலையான வரிக்கழிவு இந்திய மாணவருக்குக் கிடைக்கும். முதல் வருடம் வரித் தாக்கல் செய்யும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும், அதை நேரில் பார்த்த மூன்று பேர் கடிதம் எழுத வேண்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலிருந்தே ஒரு நல்ல ஆசிரியரின் பின்னால் போய் நின்றால்தான் இது நடக்கும். அப்புறம், பிஎச்.டி.யில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட கைடு யார் என்பது பெரிய விஷயம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976ல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியது ஹார்வர்டிலோ எம்ஐடியிலோ அல்ல, ஓஹியோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஓஹியோ பல்கலைக்கழகத்தில். பின்னர் உயிரியலுக்கு மாறி 2009ல் வேதியியல் நோபல் வாங்கினார். ஐந்தாறு வருடம் உங்கள் உதவித்தொகை, ஆய்வு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருக்கும். நல்ல கைடு அமைந்தால் அது வரம். மோசமானவர் அமைந்தால் விசா அந்தப் படிப்போடு கட்டுண்டிருப்பதாலேயே விட்டுவிட்டு வரவும் முடியாமல், தொடரவும் முடியாமல் பிள்ளைகள் நொந்துபோகிறார்கள். அதனால் இடம் கிடைத்ததும் அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருப்பவர்களிடமும், பாதியில் விட்டவர்களிடமும் கட்டாயம் பேச வேண்டும். அப்படி விடுபவர்களுக்கும் பெரும்பாலான துறைகள் எம்.எஸ். பட்டம் கொடுத்தே அனுப்புகின்றன, எம்.எஸ்.ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேலை, விசா விஷயத்தில் மூன்று வழிகளுக்கும் பொதுவானது ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி: படித்தபின் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பானால் இன்னும் 24 மாதம். அதன்பின் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 65 ஆயிரம் இடங்கள் எல்லோருக்கும், 20 ஆயிரம் அமெரிக்க முதுநிலை அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு. இளநிலை மட்டும் முடித்தவருக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பல்கலைக்கழகங்களில் வேலைக்குச் சேர்பவர்களுக்குக் குலுக்கலே தேவையில்லை என்பதால் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு ஒரு வழி கூடுதலாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் அறிவித்த 1 லட்சம் டாலர் எச்-1பி கட்டணத்தைப் பார்த்துப் பலரும் பயந்தார்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது.

2025 மே 22 அன்று ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே அமெரிக்க அரசு ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அடுத்த வாரமே உலகெங்கும் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதிகள் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. இத்தகைய முடிவுகளின் அடி மூவருக்கும் ஒரே மாதிரி விழாது. முழு உதவியில் இளநிலை படிப்பவர் திரும்பி வர நேர்ந்தாலும் கடன் இருக்காது. கடனில் எம்.எஸ். படிப்பவருக்கு ஒரு செமஸ்டர் தடைபட்டாலே வட்டி ஏறும். பிஎச்.டி.க்கு வேறு விதமான ஆபத்து: ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் பல இடங்களில் சேர்க்கையையே குறைத்துவிட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 2026-27க்கு மானுடத் துறைகள் பலவற்றில் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்தது. ஆகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த ஆண்டு ஆள் எடுக்கிறார்களா, எத்தனை ஆண்டுக்கு ஸ்டைபெண்ட் உறுதி, கைடின் ஆய்வு நிதி நின்றுபோனால் துறை பொறுப்பேற்குமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.