பிராக்ஸ்மாக்ஸ் ஆறு வருடம்: தினமும் காலையில் ஒரு எல்விஎஸ்

மூன்று சர்வர்கள், அவற்றுக்குள் நாற்பது விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்). ஆறு வருடமாக எல்லாம், விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸில்தான் ஓடுகின்றன. டெபியன் லினக்ஸ் மேல் விஎம்களை ஓட்டும் கேவிஎம் என்பதால், லினக்ஸ் தெரிந்தவருக்குக் கை பழக அதிக நாள் ஆகாது. பிரவுசரிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆனாலும் காலையில் வந்ததும் நான் டெர்மினலைத் திறந்து, டிஸ்க் இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் எல்விஎஸ் (lvs) கமாண்டை அடித்துவிடுவேன்.

என் விஎம்களின் டிஸ்குகள் எல்லாம் இடம் எடுப்பது தின் பூல் என்ற பொதுச் சேமிப்பிடத்திலிருந்து. அதில் 1 டிபி இடத்தை வைத்துக்கொண்டு 2 டிபிக்கு டிஸ்க் ஒதுக்கலாம். எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். பெரிய வசதி. ஆனால் பூல் நிரம்பிவிட்டால் விஎம்கள் புதிதாக எதையும் எழுத முடியாமல் நின்றுவிடும். இரண்டாம் வருடம் ஒரு மாதக் கடைசியில் எனக்கு இது நடந்தது. பில்லிங் விஎம் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், ஐஓ-எரர் (டிஸ்கில் எழுத முடியாத பிழை). முந்தின வாரம்தான் அதற்குள் 60 ஜிபி பழைய லாக்குகளை அழித்திருந்தேன். விஎம்முக்குள் காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) போட்டால் இடம் தாராளமாகத் தெரிந்தது. விஎம்மைத் தாங்கும் சர்வரில், அதாவது ஹோஸ்டில், எல்விஎஸ் போட்டதும் பூலின் டேட்டா 100 சதவீதம் என்று நின்றது.

விஎம்முக்குள் ஃபைலை அழித்தால் அது கீழே இருக்கும் பூலுக்குத் தெரியாது. அழித்த இடத்தைப் பூலுக்குத் தெரிவிக்க, டிஸ்க் செட்டிங்கில் டிஸ்கார்டை டிக் செய்து, விஎம்மை முழுக்க ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்ய வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. அப்புறம் உள்ளே எஃப்எஸ்ட்ரிம் (fstrim) கமாண்டை ஓட்டினால்தான் அந்த இடம் பூலுக்குத் திரும்பும். அதிலும் பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்க் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) ஒன்று இருந்தால், அது பிடித்து வைத்திருக்கும் பிளாக்குகள் விடுபடாது. அன்று என்னிடம் எட்டு மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இரண்டு இருந்தன. அவற்றை நீக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது எந்த ஸ்னாப்ஷாட்டும் என்னிடம் மூன்று நாள் தாண்டாது. டேட்டா 80 சதவீதத்தைத் தொட்டால், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை மெயில் அனுப்பும். பக்கத்திலேயே இருக்கும் மெட்டா எண்ணையும் (பூல் தன் கணக்கை வைத்திருக்கும் இடம் எவ்வளவு நிரம்பியது என்பது) பாருங்கள், அது நிரம்பினால் மீட்பது இன்னும் சிரமம். அப்கிரேடு போன்ற நீண்ட வேலை எதுவானாலும் டீமக்ஸ் (tmux) என்ற டெர்மினல் கருவிக்குள்தான். நெட் அறுந்தாலும் வேலை பாதியில் நிற்காது.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள், அது அதே டிஸ்கில்தான் இருக்கிறது. தினமும் இரவு, பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கருவியான விஇசட்டம்ப் (vzdump) எடுக்கும் பேக்கப் வேறொரு மெஷினுக்குப் போகிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு விஎம்மை வேறு எண்ணில் ரீஸ்டோர் செய்து, நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்க்கிறேன். போன மாதம் பில்லிங் விஎம்மின் முறை. லாகின் திரை வர 11 நிமிடம் ஆனது.