வெள்ளத்துக்கு முன்னாடி எதுல காசு போடலாம்: தெரு குரூப்பா, இன்சூரன்ஸா, இடமா?

சென்னைல தாம்பரத்துக்கு பக்கத்துல முடிச்சூர் பக்கம் குடியிருக்கேன். அக்டோபர் பொறந்தாலே எங்க தெருவுல கால்வாய் வேலை எப்போ முடியும்னு தான் பேச்சு. அது கவர்மெண்ட் வேலை, நம்ம கையில இல்ல. ஒரு செங்கல் வைக்காம நாமளே செய்யக்கூடியதுன்னு பார்த்தா மூணு வழி இருக்கு: தெரு குரூப் வெச்சு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு ஆளையும் பொருளையும் மேல ஏத்துறது, இன்சூரன்ஸ் போடுறது, தாழ்வான இடத்துல வீடே வாங்காம இருக்கிறது. என் ஓட்டு முதல் வழிக்கு தான், ஆனா அதை நிறைய பேர் தப்பா செய்றோம்.

2015 டிசம்பர் 1 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. செம்பரம்பாக்கம் ஏரியில விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்கன்னு இன்னைக்கும் பேசுறோம், அதனாலயே எங்க ஆளுங்க மழைன்னா உடனே அந்த ஏரி 24 அடில எத்தனை அடி இருக்குன்னு போன்ல பார்த்துட்டு, கம்மியா இருந்தா நிம்மதியா தூங்கிடறாங்க. அந்த ஏரி உபரித் தண்ணி அடையாறு ஆத்துல சேர்றதே திருநீர்மலை கிட்ட தான், நாங்க அதுக்கு மேல இருக்கோம், எங்களுக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நிரம்பி வழியுற தண்ணி. அதுக்கு கீழ இருக்கிற சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைக்காரங்களுக்கு செம்பரம்பாக்கம் நம்பர் உயிர் காக்கிற நம்பர். வேளச்சேரிக்கு கதையே வேற, அங்க பெய்யுற மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வடியணும், அது நிரம்பிட்டா தெருவுல தான் நிக்கும்.

அதனால உங்க தெருவுக்கு எந்த தண்ணி வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. எங்க குரூப்புல மேல் பக்கம் இருக்கிற ஒருத்தர் ஏரி கலங்கல்ல (உபரித் தண்ணி வெளியேற கட்டின இடம்) தண்ணி வழிய ஆரம்பிச்சா போட்டோ போடணும். தெருமுனை சுவத்துல பெயிண்ட்ல ரெண்டு கோடு போட்டிருக்கோம்: கீழ் கோட்டுக்கு தண்ணி வந்தா வண்டிங்களை மேட்டுக்கு கொண்டு போகணும், மேல் கோட்டுக்கு வர்றதுக்குள்ள கரண்ட் மெயினை ஆஃப் பண்ணிட்டு வயசானவங்களை யார் வீட்டு மாடிக்கு ஏத்துறதுன்னு முன்னாடியே பேசி வெச்சாச்சு. 2015ல டவரே படுத்துருச்சு, அதனால கதவு தட்ட பசங்க ரெண்டு பேர் பேரும் லிஸ்ட்ல இருக்கு. மொத்த செலவு ஒரு டப்பா பெயிண்ட். குறைன்னு சொன்னா ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோவை எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்க முடியாது.

அந்த இடத்துல தான் இன்சூரன்ஸ். 2021ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில வெள்ளம் அடங்கும், கட்டடத்துக்கு போட்டா வீட்டு சாமானுக்கும் அந்த தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் சேர்ந்தே வருது, வாடகைக்கு இருக்கிறவங்க சாமானுக்கு மட்டும் தனியா போட்டுக்கலாம். கார்ல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா வெள்ளத்துக்கு பைசா கிடைக்காது, ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனா, எஞ்சின் புரொடெக்ட்ங்கிற கூடுதல் கவர் இல்லைன்னா க்ளெய்ம் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். 2023 மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல ஒருத்தர் பதட்டத்துல சாவியை திருப்பிட்டு பட்ட பாட்டை பார்த்தேன், மனசே ஆறல. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல காரை வரிசையா நிறுத்தினாங்களே, அவங்க செஞ்சது ரொம்ப சரி. இன்சூரன்ஸ் காசு தரும், ஆனா தாத்தாவை மாடிக்கு ஏத்தாது.

மூணாவது வழி தான் நிரந்தரம், ஆனா ஏற்கனவே வீடு கட்டி லோன் கட்டுற என்னை மாதிரி ஆளுக்கு கை மீறிப் போச்சு. இனிமே வாங்குறவங்க தயவுசெஞ்சு வெயில் காலத்துல மனை பார்த்து அட்வான்ஸ் குடுக்காதீங்க, நவம்பர் மழையில ஒரு தடவை போய் நின்னு பாருங்க, பக்கத்து பெட்டிக்கடையில 2015லயும் 2023லயும் தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு கேளுங்க, அ பதிவேட்டுல (வருவாய்த்துறை நிலக் கணக்கு) அந்த சர்வே நம்பர் ஏரி புறம்போக்கா, வாய்க்காலான்னு பாருங்க.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, அடுத்த வீடு தேடும்போது மாடி போர்ஷனா பார்த்துக்கலாம். சொந்த வீட்டுக்காரங்க பெயிண்ட் கோட்டை இந்த மாசமே போடுங்க, பாலிசியையும் மழை சீசனுக்கு முன்னாடியே எடுத்துருங்க, தண்ணி வாசல்ல வந்த அப்புறம் ஏஜெண்ட்டுக்கு போன் போட்டு ஒண்ணும் ஆகாது.