5 வருடமாக ஒரு குளத்து ஃபில்டரோடு

கொல்லைப்புறக் குளத்துக்கு ஃபில்டர் வைத்து 5 வருடம் ஆகிறது. 3000 லிட்டர் தண்ணீர், 11 தங்கமீன். பம்ப் தண்ணீரை இழுத்துக் கரையில் இருக்கும் பெட்டிக்குள் தள்ளும். உள்ளே முரட்டு ஸ்பாஞ்ச், அடுத்து நைஸ் ஸ்பாஞ்ச், அதற்கடியில் பயோ பால் எனும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் உருண்டைகள், கடைசியில் ஒரு யூவி விளக்கு. வாங்கும்போது மாதம் ஒருமுறை கழுவச் சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வருடம் எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோய் ஹோஸைத் திறந்துவிட்டேன். அழுக்கு போகப் போக ஒரு சந்தோஷம். ஸ்பாஞ்ச் புதுசு மாதிரி ஆகும்வரை விடவில்லை, பயோ பாலையும் தேய்த்தேன். மூன்றாம் நாள் காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது! அம்மோனியா டெஸ்ட் போட்டால், மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி பச்சையாகிவிட்டது. தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணீரைப் பாதி மாற்றியும் 3 மீன் போய்விட்டது.

அழுக்கு என்று நினைத்து ஃபில்டரின் உயிரையே கழுவி ஊற்றியிருக்கிறேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் பயோ பாலிலும்தான் ஒட்டி வாழ்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் செத்துப்போகும். மறுபடி குடியேற 4 முதல் 6 வாரம்.

இப்போது நாள் கணக்கே கிடையாது, காதுதான் கணக்கு. குளத்தில் தடதடவென்று விழுகிற தண்ணீர் சளசளக்க ஆரம்பித்தால் ஸ்பாஞ்ச் அடைத்துவிட்டது. ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, முரட்டு ஸ்பாஞ்சை நாலைந்து முறை பிழிவேன். கொஞ்சம் பழுப்பு இருக்கட்டும். கலங்கல் செடிக்கு. நைஸ் ஸ்பாஞ்சின் முறை அடுத்த வாரம். இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை. பயோ பாலைக் கடைசியாக வெளியே எடுத்து 2 வருடம் இருக்கும்.

நல்ல வண்டலில் மழை பெய்த மண் வாசம்தான் வரும். அழுகிய முட்டை நாற்றம் ஒரே ஒருமுறை வந்தது, அரை நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத அன்று. தண்ணீர் ஓடாததால் மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. நல்லவேளை, சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் பம்ப் அத்தனையையும் குளத்தில் கொட்டியிருக்கும். பெட்டித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, ஸ்பாஞ்சை அலசி, அப்புறம்தான் பம்பைப் போட்டேன்.

பம்ப் பெரிதாகப் படுத்தவில்லை. உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் அச்சில் பாசி நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நத்தை ஓடு சிக்கியிருந்தது. பழைய டூத் பிரஷ் போதும். யூவி விளக்கில்தான் ஏமாந்தேன். எரிகிறதே என்று 3 வருடம் மாற்றவில்லை. வெளிச்சம் அப்படியே தெரியும், ஆனால் பாசியைக் கொல்லும் கதிர் ஒரு வருடத்திலேயே நன்றாகக் குறைந்துவிடும். தண்ணீர் பச்சையானதும் ஃபில்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பல்பை மாற்றி, அதன் கண்ணாடிக் குழாயில் படிந்த வெள்ளை உப்பை வினிகரில் துடைத்ததும் 10 நாளில் தெளிந்தது.

பெட்டியில் எனக்கு 2 குறை. மூடியின் ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். கையில் கிடைத்த பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி ஒரு வளையம் ஊதிப்போனது. அது என் தப்பு, சரி. அடியில் வண்டலைத் திறந்துவிட ஒரு வால்வுகூட வைக்காதது அவர்கள் தப்பு. ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சாய்த்துக் கொட்டி இடுப்பு போகிறது. அடுத்து வாங்கினால் முதலில் அடியைத்தான் பார்ப்பேன்.